பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு கச்சேரி

பாரதியின் குரல் எந்த இசைத்தட்டிலும் இல்லை. 1908 முதல் 1918 வரை அவர் புதுச்சேரியில் இருந்தார். உடனிருந்தவர்கள் எழுதிவைத்த நினைவுகளில் கடற்கரையிலும் தோப்பிலும் வீட்டிலும் அவர் உரத்த குரலில் பாடிக்கொண்டே இருக்கிறார். குரலைப் பதியும் கருவி அதற்குள் இந்தியாவுக்கு வந்தாயிற்று. கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பர்க் 1902 நவம்பரிலேயே கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்துவிட்டார். பிரெஞ்சு எல்லைக்குள் அடைக்கலம் புகுந்திருந்த கவிஞரின் முன்னால் மட்டும் அந்தக் கருவியின் கொம்பை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை.

பாட்டுகள் தட்டேறியது பின்னால்தான். பாரதி பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை 1930களில் ஜெஷிங்லால் மேத்தா என்ற வணிகரிடம் போனது. அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பன் வாங்கினார். மெய்யப்பன் படமெடுக்க வருமுன் இசைத்தட்டு வியாபாரி. 1932-ல் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி ஓடியன் தட்டுகளை விற்றவர். 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் பாரதி பாடல்களைப் பாட, ஊரெல்லாம் அவை ஒலித்தன. 1949-ல் சென்னை மாகாண அரசு கேட்டுக்கொண்டபோது மெய்யப்பன் விலை எதுவும் வாங்காமல் உரிமையைக் கொடுத்துவிட்டார். அந்தப் பாட்டுகளில் பல பிறந்த ஊருக்கே தட்டாகத் திரும்பி வந்த காலத்தில் புதுவை இன்னும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது.

ஒலிக்கருவியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெட்டிகளின் வரலாற்றையே எழுதுகிறார்கள்: கொம்பு, வால்வு, டிரான்சிஸ்டர், ஸ்டீரியோ, சி.டி. பாட்டு ஒலித்த வீட்டைப் பற்றிப் பேச்சே வராது. புதுவை போன்ற ஊரில் பாதிக் கதை சுவரில் இருக்கிறது.

முதலில் பெட்டியையே பார்ப்போம். இன்று ஒருவர் புது டர்ன்டேபிள் வாங்கினால் எந்த ஆம்ப்ளிபயரோடு சேரும், எந்த ஊசி பொருந்தும் என்று குழம்புகிறார். அந்தக் குழப்பத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. எச்.எம்.வி. போன்ற தட்டுகளில் ஊசி பக்கவாட்டில் அசையும். பிரான்சின் பாத்தே கம்பெனித் தட்டுகளில் அது மேலும் கீழுமாக ஏறி இறங்கும். அதற்கு எஃகு ஊசி ஆகாது, நீலக்கல் உருண்டை வேண்டும். பாத்தே தட்டுகள் பலவும் நடுவில் தொடங்கி ஓரத்தில் முடிந்தன. ஒரு கம்பெனியின் தட்டை இன்னொன்றின் கருவியில் போட்டால் தட்டும் கெடும், ஊசியும் கெடும். கல்கத்தாவின் ஹேமேந்திர மோகன் போஸ் தன் பதிவுகளை பாத்தேயிடம்தான் தட்டாக்கினார். தன்னுடைய தட்டு தன்னுடைய கருவியில்தான் ஓட வேண்டும் என்ற வியாபாரப் பிடிவாதத்தை அந்தத் தலைமுறையே பார்த்துவிட்டது.

எந்தக் கருவி எந்த வீட்டுக்கு வரும் என்பதை ரசனையைவிடச் சுங்கமே தீர்மானித்தது. புதுவைத் துறைமுகத்தில் இறங்கிய சரக்குக்கு நீண்ட காலம் பிரிட்டிஷ் சுங்கம் கிடையாது. 1941-ல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் பகுதிகள் இரண்டுக்கும் பொதுச் சுங்க ஏற்பாடு வந்தது. 1949-ல் அது முறிந்ததும் எல்லை முழுக்கச் சாவடிகள் முளைத்தன, கடத்தலும் பெருகியது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்தான் முடிந்தது. 1954-க்குப் பின் புதுவைக்கும் இந்தியாவின் இறக்குமதிக் கட்டுப்பாடே. 1991-க்கு முந்தைய ஆண்டுகளில் வெளிநாட்டு மின்னணுப் பொருளின் மீதான வரி நூறு சதவீதத்தைத் தாண்டி நின்றது. நல்ல ஆம்ப்ளிபயர் ஒன்றின் விலையில் பாதிக்கு மேல் அரசாங்கத்துக்குப் போனது.

ஆனால் கேட்பதில் அக்கறை கொண்டவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள். 1955-ல் ழான் ஃபிலியோசா தலைமையில் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர் ஆலன் தானியேலு. சுருதிகளை வாசிக்கத்தக்க மின்னிசைக் கருவி ஒன்றை 1930களிலேயே கருவி வடிவமைப்பாளர் மார்த்தனோவிடம் செய்யச் சொன்னவர் அவர். அவர் தொகுத்த இந்தியச் செவ்வியல் இசைப் பதிவுகள் 1955-ல் பாரிஸில் துக்ரெத்தே-தோம்சன் வெளியீடாக மூன்று நீளத்தட்டுகளில் வந்தன. ரவிசங்கரையும் அலி அக்பர் கானையும் ஐரோப்பிய வீடுகளுக்குள் முதலில் கொண்டுபோன தட்டுகளில் அவையும் சேரும். புதுவையில் இருந்தபோது என்.ஆர். பட்டுடன் சேர்ந்து புராணங்களில் உள்ள இசை இலக்கணப் பகுதிகளைப் பதிப்பித்தார். நூல் 1959-ல் அங்கேயே வெளியானது.

அதே கடற்கரைப் பகுதியில் அரவிந்தர் ஆசிரமத்தில் காந்த நாடா ஓடிக்கொண்டிருந்தது. ஆசிரமத்தை நடத்திய அன்னை ஆர்கன் வாசித்ததும், ‘சாவித்ரி’ காவியத்தின் பகுதிகளைத் தன் குரலில் வாசித்ததும் நாடாவில் பதிவாயின. சாவித்ரி வாசிப்புகளுக்கு சுனில் பட்டாசார்யா இசையமைத்தார். சீடர் சத்பிரேம் பதிந்த அன்னையின் உரையாடல்கள் பின்னர் பதின்மூன்று தொகுதிகளாக அச்சேறின. பதிவான ஒலியைக் கூட்டமாக அமர்ந்து, பேச்சில்லாமல், முழுக் கவனத்தோடு கேட்கும் வழக்கத்தை இந்த ஊர் இப்படித்தான் பழகியது. ஸ்டீரியோ கேட்பவருக்கு முதலில் வேண்டிய பயிற்சி இதுதான். விலை கொடுத்து வாங்க முடியாததும் இதுதான்.

விலை கொடுத்து வாங்க வேண்டியவை வந்த வழிகள் சில. ஊர்க்காரர்கள் சொல்தா என்று அழைக்கும் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியர் குடும்பங்களுக்கு ஒரு கால் பிரான்சில் இருந்தது. சென்னை பர்மா பஜாரில் 1969 முதல் வெளிநாட்டுச் சரக்கு கிடைத்தது. பின்னால் வளைகுடாவிலிருந்து ‘டூ-இன்-ஒன்’கள் வந்தன. விற்பனை வரி குறைவு என்பதால் கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து டி.வி., ஃப்ரிட்ஜ் வாங்கப் புதுவைக்கு வருவது ஜி.எஸ்.டி. வரும்வரை சாதாரணமாக நடந்தது. உள்நாட்டில் கொல்கத்தாவின் சோனோடைன் 1970 முதல் ஸ்டீரியோ கருவிகள் செய்துவந்தது, காஸ்மிக்கும் இருந்தது. இவை எதுவும் எட்டாதவர்களுக்கு மெக்கானிக் இருந்தார்.

தமிழ்நாட்டு ஒலி வரலாற்றில் இந்த மெக்கானிக்குக் கிடைக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய டிரான்ஸ்பார்மர், 2என்3055 டிரான்சிஸ்டர்கள், பிற்பாடு எஸ்.டி.கே. ஐ.சி., தகரப் பெட்டி, பேஸ்-ட்ரெபிள் திருகிகள், பிளைவுட் பெட்டியில் எட்டங்குல ஸ்பீக்கர்: சிறு ஊர்களின் ‘அசெம்பிள்டு செட்’ இப்படிப் பிறந்தது. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியலைக் கையால் எழுதிக் கொடுத்து, காலி கேசட்டில் பதிந்து வாங்கிய தலைமுறைக்கு அதுதான் ஹை-ஃபை. பணம் சேரச் சேர முதலில் ஸ்பீக்கரை மாற்றுவார்கள், அப்புறம் டிரான்ஸ்பார்மரைப் பெரிதாக்குவார்கள். அந்த வரிசை இன்றைக்கும் சரியான வரிசைதான்.

சலூன்களிலும் டீக்கடைகளிலும் ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் பொருத்தி வைத்தார்கள். ஒலி மேல்நோக்கிக் கிளம்பி அறை முழுக்கப் பரவும். பேஸ் கனத்து வரும். அது வெறும் சிக்கன ஏற்பாடு என்று நினைப்பவர்கள் ஒலியியலாளர் ஹாரி ஓல்சன் 1951-ல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். கனசதுரம், உருளை, கூம்பு, உருண்டை என்று பல வடிவப் பெட்டிகளில் ஒரே ஸ்பீக்கரை வைத்து அளந்தார் அவர். கூர்மையான விளிம்புள்ள பெட்டிகளில் ஒலி விளிம்பில் சிதறி ஏற்ற இறக்கமாக வந்தது. உருண்டையில்தான் மிகச் சீராக வந்தது. பிரான்சில் எலிப்சன் நிறுவனம் அதே 1950களில் ஜிப்சம் சாந்தில் உருண்டை ஸ்பீக்கர்களை வார்த்தது. 1952-ல் ஷாம்போர் கோட்டையில் நடந்த முதல் ஒலி-ஒளிக் காட்சியோடு அந்த நிறுவனத்தின் பெயர் சேர்ந்திருக்கிறது. எலிப்சனின் சாந்துக் கோளமும் சலூன் பானையும் ஒரே பௌதிகம். விறைப்பான ஓடு, எதிரெதிர்ச் சுவர் இல்லாத உள்வெளி, விளிம்பு இல்லாத முகம்.

ஸ்டீரியோ என்ற எண்ணமே சினிமாக் கொட்டகையில் பிறந்தது என்பார்கள். லண்டனில் இ.எம்.ஐ. பொறியாளர் ஆலன் புளூம்லைன், திரையில் நடிகர் நகர்ந்துபோக அவர் குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வருவதைக் கண்டு பொறுக்காமல் மனைவியிடம் இதற்கு வழி இருக்கிறது என்றாராம். 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஒரே பள்ளத்தின் இரு சுவர்களிலும் இரு தடங்களைப் பதியும் வழி அந்த விண்ணப்பத்திலேயே இருக்கிறது. 1942-ல் ராடார் சோதனை விமானம் விழுந்து அவர் இறந்தார். ஸ்டீரியோ தட்டுகள் பரவலாகக் கடைக்கு வந்தது 1958-ல்.

தமிழுக்கு அது மெதுவாக வந்தது. திரைப்பாட்டில் ‘பிரியா’ (1978) பாடல்களே தமிழில் முதலில் ஸ்டீரியோவில் பதிவானவை என்று ரசிகர்கள் குறிப்பிடுகிறார்கள். 1986-ல் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’, 1988-ல் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’. இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே அலமாரியில் ஒட்டி வைத்திருந்தவர்களைப் பிரித்து வைக்கத் தூண்டிய தொகுப்புகள் இவை. வயலின்கள் ஒரு பக்கம், அவற்றுக்குப் பதில் சொல்லும் கருவிகள் மறுபக்கம் என்று கேட்டவர், இரண்டு ஸ்பீக்கரும் தன் இருக்கையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் படிக்காமல் கண்டுகொண்டார்.

சின்ன அறைக்குப் பெரிய ஒலி என்ற ஆசையில் இரண்டு திருப்பங்கள் முக்கியமானவை. 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி, அலமாரியில் அடங்கும் பெட்டியிலிருந்து ஆழமான பேஸை எடுத்துக் காட்டினார். 1970களின் தொடக்கத்தில் பி.பி.சி. பொறியாளர்கள் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் குறுகிய இடத்துக்காக எல்.எஸ்.3/5ஏ ஸ்பீக்கரை வடிவமைத்தார்கள். உயரம் ஓரடி, அகலம் ஏழரை அங்குலம். பேச்சுக்குரல் அதில் அவ்வளவு இயல்பாக வந்ததால் ரோஜர்ஸ், ஸ்பெண்டார் போன்ற கம்பெனிகள் உரிமம் வாங்கிச் செய்து விற்றன. உலகெங்கும் சின்ன அறைக்காரர்கள் இன்றும் அதைத் தேடுகிறார்கள். அதன் பேஸ் ஆழமாக இறங்காது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அதுவே அதன் பலம்.

காரணம் அறைக்குள் இருக்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்பும்போது, அறையின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு அலைநீளமுள்ள சுரம் தானாகப் பெருத்துக்கொள்கிறது. பன்னிரண்டடிக்கு அது நொடிக்கு 47 அதிர்வு வாக்கில் விழும், பத்தடிக்கு 57. இன்றைய கான்கிரீட் வீட்டில் கூரையும் பத்தடி. ஆகவே அகலமும் உயரமும் சேர்ந்து ஒரே 57-ஐ இரண்டு மடங்கு ஊதிவிடுகின்றன. பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55-ல் இருக்கிறது. இளையராஜா பாட்டில் பேஸ் வரி நடந்து போகும்போது அந்த ஒரு சுரம் வந்தால் மட்டும் சன்னல் கண்ணாடி அதிர்வதற்கு ஸ்பீக்கர் காரணமில்லை.

பழைய புதுவை வீடு இந்த வலையில் விழவில்லை. பிரெஞ்சுப் பகுதியிலும், வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் தெருக்களிலும், சுண்ணாம்புச் சாந்து பூசிய கனத்த செங்கல் சுவர். மேலே தேக்கு உத்தரங்களின் மீது செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிய மெட்ராஸ் ஒட்டு. கூரை பதினான்கு அடி என்றால் அதன் பெருக்கம் 41-க்கு இறங்கி அகலத்திலிருந்து விலகி நிற்கும். வரிசையாக நிற்கும் உத்தரங்கள் மேலே போன ஒலியை ஒரே திசையில் திருப்பாமல் சிதறடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு திறந்தது. கூடத்தின் ஒரு பக்கம் தாழ்வாரம், அதற்கப்பால் முற்றம். அடர்ந்த பேஸ் அந்த வழியே வெளியேறி வானத்துக்குப் போய்விடும்.

திறந்த சன்னல் வழியே போன ஒலி திரும்புவதில்லை என்பதை அளவுகோலாகவே ஆக்கியவர் ஹார்வர்டின் வாலஸ் சபைன். 1895-ல் அங்கே ஒரு விரிவுரை அறையில் பேசிய சொல் ஐந்தரை நொடி எதிரொலித்துக்கொண்டிருந்தது, சரிசெய்யச் சொன்னார்கள். பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து அடுக்கி அளந்து, விடிவதற்குள் திருப்பி வைத்தார். முழக்க நேரம் அறையின் கன அளவைப் பொறுத்துக் கூடும், ஒலியை விழுங்கும் பரப்பைப் பொறுத்துக் குறையும் என்று கண்டார். ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல் எவ்வளவு விழுங்குமோ அது இன்றும் கணக்கின் அலகு. பத்துக்குப் பன்னிரண்டு, உயரம் பத்து என்ற வெற்று அறையை அவர் சூத்திரத்தில் போட்டால் முழக்கம் இரண்டு நொடிக்கு மேல். இசை கேட்க அது அரை நொடிக்கும் கீழே வர வேண்டும். அதற்குச் சுமார் பதினொரு சதுர மீட்டர் திறந்த சன்னலுக்கு ஈடாக ஏதாவது வேண்டும்.

அந்த ஈடு அநேகமாக வீட்டிலேயே இருக்கிறது. சுவரோடு சாய்த்த இலவம்பஞ்சு மெத்தை, தரையில் தடித்த பவானி ஜமக்காளம், ஒழுங்கில்லாமல் அடுக்கிய புத்தக அலமாரி, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளித் தொங்கும் கனத்த திரை. மூலைகளில் கண்ணாடி இழைப் பொதிகள். மூலையில்தான் பேஸ் சேரும், அங்கேயே அதைப் பிடிக்க வேண்டும். ஒருவர் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்த, இருக்கையில் அமர்ந்தவருக்கு அதில் ஸ்பீக்கர் எந்த இடத்தில் தெரிகிறதோ அங்கே முதலில் மெத்தையைச் சாத்தினால் பாடகர் சட்டென்று நடுவில் வந்து உட்காருவார். லட்ச ரூபாய் ஆம்ப்ளிபயர் மாற்றத்தில் இந்த வித்தியாசம் கிடைப்பது அரிது.

ஆகவே புதுவையில் செட் கட்டுகிறவர் மெக்கானிக்கின் வரிசைக்கு முன்னால் அறையைச் சேர்க்க வேண்டும். அறை முதலில், ஸ்பீக்கர் அடுத்து, ஆம்ப்ளிபயர் அதற்கப்புறம், மற்றவை கடைசியில். இதோடு கடலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடற்கரைச் சாலைக்கு நாலு தெரு தள்ளியும் உப்புக் காற்று பித்தளை இணைப்புகளில் பச்சை பிடிக்கச் செய்யும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது கழற்றித் துடைக்காவிட்டால் ஒரு பக்கம் மங்கிப்போகும். ஸ்பீக்கர் கூம்பின் விளிம்பில் நுரை வளையம் உள்ளவை ஈரத்தில் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். ரப்பர் வளையமே தாக்குப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தட்டுறைகளில் பூஞ்சை ஏறும். இந்தியக் காற்றுக்கும் கரண்டுக்கும் பழகிய உள்நாட்டுத் தயாரிப்புகளைத் தள்ளிவிட அவசியமில்லை. கொச்சியின் ரெத்ம் ஸ்பீக்கர்களைக் கட்டடக் கலைஞர் ஜேக்கப் ஜார்ஜ் வடிவமைத்தார். பாவா, மார்கா, சாதனா என்று பெயர் வைத்தார். வெளிநாட்டு ரசிகர்களும் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

இத்தனையும் சரியாக அமைந்த அறையில் நல்ல ஸ்டீரியோவில் பதிவான கச்சேரி ஒன்றைப் போட்டால் என்ன கேட்கும்? நடுவில் பாடகர். அவருக்குப் பின்னால் தம்புரா. மிருதங்க வித்வான் பாடகருக்கு வலப்பக்கம் அமர்வது வழக்கம். அப்போதுதான் மிருதங்கத்தின் வலந்தலை முகம் சபையைப் பார்க்கும். கேட்பவருக்கு அது இடது ஸ்பீக்கர் பக்கம். வயலின் வலது பக்கம். நிரவலில் பாடகர் விட்ட இடத்தை வயலின் எடுக்கும்போது ஒலி நடுவிலிருந்து வலப்புறம் போய் மீள்வதைக் கைநீட்டிக் காட்டலாம். இது அலங்காரமல்ல. யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்பது கச்சேரியின் உயிர். மோனோவில் மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் அமர்ந்திருக்கிறார்கள்.

இடது கைக்காரர் மிருதங்கம் வாசித்தால் இந்த இடங்கள் மாற வேண்டும். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர். வலந்தலை சபைக்குத் தெரிய அவர் மறுபக்கம் உட்கார வேண்டியிருந்தது, வயலின்காரரும் தன் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. சிலர் அதற்கு இசையவில்லை. பழனி 1962-ல் காலமானார். அவருடைய வாசிப்பில் மிஞ்சியிருக்கும் வானொலி, சபாப் பதிவுகள் மோனோ. மிருதங்கச் சொற்கள் ஒவ்வொன்றும் துலக்கமாகக் கேட்கின்றன. எந்தப் பக்கம் அமர்ந்து வாசித்தார் என்பதை எந்த ஸ்பீக்கராலும் அவற்றிலிருந்து எடுத்துக் காட்ட முடியாது.